உதவி வந்து சேரும்வரை: தோட்டக் காவலும் தற்காப்பு உரிமையும்

புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மக்காச்சோளம் கதிர் முற்றும் சமயத்தில், நாரணாபுரத்தைச் சுற்றியுள்ள காடுகளில் ராக்காவல் ஆரம்பமாகிவிடும். ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு டார்ச் லைட், ஒரு கம்பு, துணைக்கு ஒரு நாய். காவல் என்னவோ காட்டுப் பன்றிக்காகத்தான். ஆனால் மோட்டார் ஒயரை அறுத்துச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போகிறவனும், கிடையிலிருந்து ஆட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவனும் அதே இருட்டில்தான் வருகிறார்கள். அப்படி ஒருவன் எதிரே வந்து நின்றால் கட்டிலில் படுத்திருக்கும் சம்சாரி என்ன செய்யலாம்? எதைச் செய்யக் கூடாது?

"போன் இருக்கிறது, நூறுக்கு அடித்தால் போலீஸ் வந்துவிடும்" என்பார் ஒருவர். "போலீஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் அண்ணாச்சி, நாமே ஒரு கை பார்த்துவிட வேண்டியதுதான்" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் பாதிதான் சரி. முதலாமவர் சொல்வதை நம்பிச் சும்மா இருந்தால் பொருளும் போகும், சில சமயம் உயிரும் போகும். இரண்டாமவர் சொல்வதைக் கேட்டால் திருடன் ஜாமீனில் வெளியே வந்த பிறகும் சம்சாரி கோர்ட்டுக்கு அலைய நேரும். உதவி வந்து சேருவதற்கு இடையில் உள்ள அந்தக் கொஞ்ச நேரத்துக்கென்றே சட்டத்தில் ஓர் உரிமை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் அளவைத் தெரிந்துகொள்வது உர அளவைத் தெரிந்துகொள்வதைப் போலவே அவசியம்.

கல்யாணிபுரத்தில் நடந்தது

நமது மாவட்டத்துக்குத் தெற்கே, கடையம் பக்கத்தில் கல்யாணிபுரம் என்னும் ஊர். 2019 ஆகஸ்ட் 11ஆம் தேதி இரவு, அங்கே தோட்டத்து வீட்டின் முன்புறம் வயதான விவசாயி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகமூடி அணிந்த ஒருவன் பின்னாலிருந்து வந்து துணியால் அவர் கழுத்தை இறுக்கினான். சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி, கைக்குக் கிடைத்த செருப்பையும் நாற்காலியையும் எடுத்து அவன் மேல் வீசினார். இன்னொருவனும் சேர்ந்துகொண்டான், இருவர் கையிலும் அரிவாள். தம்பதிகள் பின்வாங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியையே கேடயமாகப் பிடித்து இருவரையும் விரட்டிவிட்டார்கள். அம்மையாருக்குக் கையில் காயம், கழுத்துச் சங்கிலியும் போயிற்று. ஆனால் இரண்டு உயிரும் தப்பின. அந்த வருடம் சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அவர்களுக்கு வீரச் செயலுக்கான சிறப்பு விருது வழங்கியது. வீட்டில் பொருத்தியிருந்த கேமராவில் பதிவான காட்சியை நாடே பார்த்தது.

அந்தக் காட்சியில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கொள்ளையர் ஓடத் தொடங்கியதும் சண்டை நின்றுவிட்டது. யாரும் இருட்டுக்குள் துரத்திக்கொண்டு ஓடவில்லை. இருந்த பலத்தை வைத்துப் பார்த்தால் அது புத்திசாலித்தனம். சட்டப்படி பார்த்தாலும் அதுவே சரி.

எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த தாய், தகப்பன், மகன் மூவரும் கொல்லப்பட்டனர். 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் தனியாகத் தோட்டத்தில் குடியிருந்த முதிய தம்பதிக்கும் அதே கதி. போன் செய்தும் பதில் வரவில்லை என்று தேடியபோதுதான், சில நாள் கழித்து அவர்கள் இறந்து கிடந்தது தெரிந்தது. அழைக்க ஓர் ஆள் இருந்தால்தான் எந்த அவசர எண்ணும் பயன்படும். தோட்டத்தில் தனிக்குடித்தனம் இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் பகலிலும் இதே நிலைமைதான்; வீட்டுப் பெண்கள் காலையிலேயே பட்டாசு ஆலை வேனில் ஏறிப் போய்விட்டால், மிஞ்சுவது கிழவர்களும் குழந்தைகளும்தான்.

சட்டம் எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறது

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக இருக்கின்றன. எண்கள் மாறினவே தவிர, சாரம் பெரும்பாலும் அதேதான்.

தன் உடம்பை மட்டுமல்ல, பிறர் உடம்பையும் காக்கலாம் என்கிறது 35ஆவது பிரிவு. தன் சொத்தையும், பிறர் சொத்தையும், திருட்டு, கொள்ளை, நாசவேலை, அத்துமீறி நுழைதல் ஆகிய நான்கிலிருந்து காக்கலாம். ஆகவே பக்கத்துக் காட்டுக்காரர் கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போய் உதவுகிறவருக்கும் சட்டத்தின் துணை உண்டு. "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நலம்.

எதிராளியின் உயிர் போகும் அளவுக்குத் தற்காப்பு எப்போது செல்லலாம்? நம்மைக் கொன்றுவிடுவான், கொடுங்காயம் ஏற்படுத்துவான் என்று நியாயமாக அஞ்சும்படி தாக்கினால், பெண்ணைக் கெடுக்க வந்தால், ஆளைக் கடத்தினால், அமிலம் வீசினால், இன்னும் ஓரிரு சந்தர்ப்பங்களில். இது 38ஆவது பிரிவு. 2012இல் மதுரையில் ஒரு தாய், பெற்ற மகளையே கெடுக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவன் இறந்துபோனான். மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளர் இதற்குச் சமமான பழைய 100ஆவது பிரிவைக் காட்டி அந்தத் தாயைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவித்தார். 2021இல் திருவள்ளூர் மாவட்டம் சோழவரத்தில் கத்தியுடன் மேலே விழுந்தவனிடமிருந்து தப்பிய இளம்பெண்ணின் விஷயத்திலும் போலீஸார் இப்படியே முடிவெடுத்தார்கள்.

சொத்து விஷயத்தில்தான் விவசாயிகள் தடுமாறுகிறார்கள். கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ அல்லது வெடிப்பொருள் வைத்தல், உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும்படியான திருட்டு. இவற்றுக்கு மட்டுமே 41ஆவது பிரிவு முழு இடம் கொடுக்கிறது. வெறும் திருட்டு என்றால் 42ஆவது பிரிவுதான் பொருந்தும்: தடுக்கலாம், பிடிக்கலாம், தேவையானால் அடிக்கலாம், உயிரை எடுக்கக் கூடாது. ஒயரை அறுத்தவன் கையில் ஆயுதமில்லாமல் ஓடுகிறான் என்றால் அவன் மேல் அரிவாளை வீசுவது தற்காப்பு அல்ல, குற்றம். ஒயர் எவ்வளவு விலை போனாலும் இதில் மாற்றமில்லை.

எல்லைக் கல் 37ஆவது பிரிவில் நட்டிருக்கிறது. அதிகாரிகளின் பாதுகாப்பைத் தேட அவகாசம் இருக்கும்போது தற்காப்பு உரிமை கிடையாது. காப்பதற்குத் தேவையானதைவிட அதிகக் கேடு செய்யவும் கூடாது. "நாளை ராத்திரி வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவன் மிரட்டிவிட்டுப் போனால், போய் மனுக் கொடுக்க ஒரு பகல் முழுதும் இருக்கிறது. அன்றே ஆள் கூட்டி அவன் வீட்டுக்குப் போனால் அது தற்காப்பு ஆகாது. அவனே கட்டிலுக்கு முன்னால் அரிவாளை ஓங்கி நின்றால் அவகாசம் ஏது? திருட்டில் இந்த உரிமை எப்போது முடிகிறது என்பதையும் 43ஆவது பிரிவு சொல்கிறது: திருடன் பொருளோடு தப்பிப் போகும்வரை, அல்லது பொருள் மீளும்வரை, அல்லது அதிகாரிகளின் உதவி கிடைக்கும்வரை. போலீஸ் உடனே வந்து நிற்காது என்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்தே இருந்தார்கள்.

அளவு பார்த்து அடிக்க முடியுமா என்று கேட்கலாம். தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்றே உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. பஞ்சாபில் நிலத் தகராறு ஒன்றில் தகப்பனாரை எதிராளி வெட்டுக் கருவியால் தாக்கியபோது மகன் துப்பாக்கியால் சுட்டார், எதிராளி இறந்தார். உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் 2010இல், தர்ஷன் சிங் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் மகனை விடுவித்தது. ஆனால் 1960களில் வந்த ஜெய் தேவ் வழக்கில், அதுவும் நிலத் தகராறுதான், ஆபத்து நீங்கி எதிராளிகள் சிதறி ஓடிய பிறகும் சுட்டவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. இரண்டு வழக்கையும் பிரிக்கும் கோடு ஒன்றே: அடித்த நிமிஷத்தில் ஆபத்து இருந்ததா, போய்விட்டதா.

பயிர் நிற்கும் நிலம்

வரப்புத் தகராறில் இதற்கு ஒரு விசேஷம் உண்டு. நிலம் தன்னுடையது என்பதால் எந்த நேரமும் உள்ளே இறங்கி அடுத்தவனை வெளியேற்றலாம் என்று நினைக்கிறவர்கள் பலர். 1975இல் பூரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறுவிதமாகச் சொன்னது. அத்துமீறி வந்தவனேயானாலும், நெடுநாள் அனுபவத்தில் இருந்து பயிரும் வைத்துவிட்டால், உண்மையான சொந்தக்காரர்கூட அந்தப் பயிரை அழித்துப் பலவந்தமாக நிலத்தைப் பிடிக்கக் கூடாது. அந்த நிலையில் தற்காப்பு உரிமை பயிர் வைத்தவன் பக்கம் போய்விடும். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆகவே தரிசாகக் கிடக்கும் துண்டு நிலத்தில் வேறொருவன் உழவு மாட்டை இறக்கிய அன்றே மனுக் கொடுக்க வேண்டும்; முளைத்த பிறகு கோர்ட்டுத்தான் வழி. நிலம் அளக்க முறைப்படி வரும் சர்வேயரையும், உத்தியோக முறையில் வரும் பிற அரசு ஊழியரையும் தற்காப்பு என்று சொல்லித் தடுக்க முடியாது.

நாமே நீதிபதி ஆகிவிடும் இடங்கள்

பிடிபட்ட ஆளைப் புளியமரத்தில் கட்டி வைத்து ஊரே அடிப்பது இன்னும் நடக்கிறது. தன் கண்முன் நடக்கும் குற்றத்துக்கு, அது போலீஸ் நேரடியாகக் கைது செய்யத்தக்கதும் ஜாமீனில் விட முடியாததுமான குற்றமாக இருந்தால், யாரும் ஆளைப் பிடித்து வைக்கலாம். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு, அப்படிப் பிடித்தவனை 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த சில்லறைத் திருட்டுக்கு இது பொருந்தாது. பத்துத் தேங்காய் பறித்தவனைக் கட்டி வைத்தால், கட்டியவர் மேல்தான் வழக்கு வரும்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சந்தேகித்து ஊரார் அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். ஊரில் பலர் கைதானார்கள்.

வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதும் இந்த வகையே. ஆள் இல்லாத இடத்தில் கொல்லும் பொறி வைத்துவிட்டு அதைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. அந்தக் கம்பி பன்றியையும் பக்கத்துக் காட்டுக்காரர் மகனையும் பிரித்துப் பார்க்காது. மின்திருட்டு வழக்கும் உயிர்ப்பலி வழக்கும் சேர்ந்தே வரும். சோலார் மின்வேலி அதிர்ச்சி கொடுத்து விரட்டுமே தவிரக் கொல்லாது. அதற்கும் 2023இல் வந்த தமிழக விதிகளின்படி வனத்துறையிடம் அனுமதியும் பதிவும் பற்றி விசாரித்துக்கொண்டே போட வேண்டும். வெடி மருந்து சுலபமாகக் கைக்கு எட்டும் நம் பக்கத்தில் அவுட்டுக்காய் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வாய் சிதைந்து நிற்கும் பசு மாட்டை ஒரு முறை பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். வெடிபொருள் சட்டமும் வனவிலங்குச் சட்டமும் இரண்டும் சேர்ந்து பாயும் குற்றம் அது.

கம்பும், வீட்டு விவசாய வேலைக்கான கருவிகளும் 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் கணக்கில் ஆயுதமல்ல. காவலுக்குக் கம்பு வைத்திருப்பதில் தவறில்லை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி அப்படியல்ல. அது கையில் இருப்பதே குற்றம்.

தீயில் மட்டும் ஓடக் கூடாது

திருடனை எதிர்க்க ஆள் சேர்ந்து ஓடுவது நல்லது. பட்டாசு ஆலையில் தீ என்றால் அதே வழக்கம் எமனாகிவிடும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் அந்த ஆலையில் வேலை பார்க்காதவர்கள் பலர். காப்பாற்றவும் பார்க்கவும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். முதல் வெடி முடிந்ததும் அபாயம் தீர்ந்தது என்று நினைத்தார்கள். அடுத்தடுத்த அறைகள் பிறகு வெடித்தன. ஆகவே காட்டில் வேலை செய்கிறவர்கள் புகையைக் கண்டால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு எதிர்த்திசையில் விலகிப் போய், அங்கிருந்து 101க்குப் பேச வேண்டும். அலுமினியப் பொடி எரியும் இடத்தில் குடத்துத் தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் மூர்க்கமாகும். படப்பில் பிடித்த தீ வேறு, மருந்தில் பிடித்த தீ வேறு. நல்ல வாடகை வருகிறது என்று காட்டு ஷெட்டை உரிமம் இல்லாத பட்டாசு வேலைக்கு விடுகிறவர்கள், அந்தத் தீயைத் தாங்களே காசு வாங்கிக் குடிவைக்கிறார்கள்.

அந்த இடைவெளிக்கு ஏற்பாடு

போலீஸுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. இவற்றில் 108 அழைப்பைச் சென்னையில் உட்கார்ந்திருப்பவர்தான் எடுப்பார். அவருக்கு "நம்ம பெரிய கிணறு" தெரியாது. நாரணாபுரம் என்று மட்டும் சொன்னால் போதாது. பல்லடம் பக்கத்திலும் ஒரு நாரணாபுரம் உண்டு. எந்த எண்ணுக்குப் பேசினாலும் மாவட்டம், தாலுகா, ஊர், எந்த ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் பிரிய வேண்டும், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது ஆலை என்ற வரிசையில் சொல்லப் பழக வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி மோட்டார் ரூம் கதவின் உட்புறம் ஒட்டி வைத்தால், பதற்றத்தில் பத்து வயதுப் பையனும் வாசித்துச் சொல்லிவிடுவான். மெயின் ரோட்டில் வந்து வண்டியை நிறுத்தி வழிகாட்ட ஓர் ஆள் போக வேண்டும். வண்டிப் பாதை தெரியாமல் ஆம்புலன்ஸ் சுற்றுவதில் போகும் நேரத்தை இப்படி மிச்சப்படுத்தலாம்.

அவசர எண்ணுக்கு முன்னால் பேச வேண்டிய எண் பக்கத்துக் காட்டுக்காரருடையது. நான்கைந்து காட்டுக்காரர்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்: ஒருவர் மணி அடித்தால், எடுத்துப் பேசாமலே மற்றவர்கள் விளக்கைப் போட்டுக் குரல் கொடுப்பது என்று. திருடனுக்கு வேண்டியது இருட்டும் அமைதியும். இரண்டையும் கெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தனியாக இருக்கும் முதியவர்களை அந்திக்கு ஒரு தடவையும் விடிந்ததும் ஒரு தடவையும் கூப்பிட்டு விசாரிக்கும் பழக்கமும் வேண்டும். இரவில் வெளியே சத்தம் கேட்டால் கதவைத் திறந்துகொண்டு தனியாகப் போகாமல், உள்ளிருந்தே வெளி விளக்கைப் போட வசதியாகச் சுவிட்சை வீட்டுக்குள் வைப்பது நல்லது. மோட்டார் ஒயரைக் குழாயில் விட்டு மண்ணுக்குள் பதித்தால் அறுக்க நேரமாகும். நேரமாவதே திருடனுக்குப் பிடிக்காது.

நாயைப் பற்றி ஒரு வார்த்தை. 2005இல் தபால் தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாய் நம் மாவட்டத்துச் சரக்கு. காவலுக்கு நல்லது, விலையும் அதிகம். சிப்பிப்பாறை ஓட்டத்துக்குப் பேர்போனது. ஆனால் குரைத்து எழுப்ப ஒரு சாதாரண நாட்டு நாயே போதும். வெறிநாய்த் தடுப்பூசி மட்டும் வருஷா வருஷம் போட்டுவிட வேண்டும்.

நடந்த பிறகு

கைகலப்பு ஆகிவிட்டது, யாருக்காவது காயம் என்றால் ஒளிவது தவறு. முதலில் காயம்பட்டவனுக்கு, அவன் திருடனேயானாலும், 108ஐக் கூப்பிட வேண்டும். பிறகு தாமதமின்றி ஸ்டேஷனுக்குப் போய், தான் அடித்ததையும் மறைக்காமல், எதற்காக அடிக்க நேர்ந்தது என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லை எங்கள் ஸ்டேஷன் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்றலாம். தன் உடம்பில் உள்ள காயங்களை அரசு ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கிழிந்த சட்டை, உடைந்த பூட்டு, விழுந்து கிடந்த அரிவாள் எதையும் தொடாமல் விட்டு வைப்பது அவசியம். தற்காப்புக்காகச் செய்தேன் என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு, செய்தவரையே சேரும். ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடியது அதுவே என்று தோன்றும்படி காட்டினால் போதும். அதற்கு இந்தச் சின்னச் சாட்சியங்கள்தான் கைகொடுக்கும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பாருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும், காவலில் உள்ளவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. நம் மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். போனில் கேட்பதானால் 15100.